உபசாரமும் விவேகமும்

காலையில் தேகப்பயிற்சி செய்வதும் மாலையில் விருந்துக்குப் போவதும் இன்று நம் நகரவாசிகளில் பலருக்கு ஒரே நாளின் இரு நிகழ்ச்சிகளாகிவிட்டன. முன்னதைப் பற்றி வைத்தியர்கள் பேசுகிறார்கள். பின்னதைப் பற்றி ஒழுக்கவாதிகள் பேசுகிறார்கள். இரண்டையும் தாங்குகிற சரீரம் ஒன்றே என்பதை இரு சாராரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. பயிற்சிக்குப் பின் எதைக் கொறிப்பது, விருந்தில் எவ்வளவு குடிப்பது என்ற இரு கேள்விகளையும் தனிமனிதனுடைய மனவுறுதியைச் சேர்ந்த விஷயங்களாகவே நாம் கருதி வந்திருக்கிறோம். என் அபிப்பிராயம் வேறு. பலரோடு கூடியிருக்கும் வேளையில் ஒருவன் என்ன உண்கிறான், எவ்வளவு குடிக்கிறான் என்பதை நிர்ணயிப்பது பெரும்பாலும் அவனுடைய பசியும் அன்று, தாகமும் அன்று, காலையில் எடுத்துக்கொண்ட சங்கற்பமும் அன்று; எதிரில் என்ன வைக்கப்பட்டிருக்கிறது, எந்த நேரத்தில் வைக்கப்பட்டது, பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு வற்புறுத்துகிறார் என்பவையே நிர்ணயிக்கின்றன. ஆகவே உண்பவனுக்கு உபதேசம் செய்வதைக் காட்டிலும் பரிமாறுகிறவனிடம் நாலு வார்த்தை பேசுவது பயனுள்ள காரியம் என்று நினைக்கிறேன்.

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவிலோ, கோவை ரேஸ்கோர்ஸ் சாலையிலோ, மெரினாக் கடற்கரையிலோ விடியற்காலையில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. நாலைந்து பேராகச் சேர்ந்து, ஓய்வூதியம், அரசியல், மருமகள், முழங்கால் வலி ஆகிய சகல விஷயங்களையும் அலசிக்கொண்டே நடக்கிற அந்தக் கோஷ்டிகள், நடை முடிந்ததும் கலைந்து வீட்டுக்குப் போவதில்லை; அருகிலுள்ள ஹோட்டலில் பொங்கலும் மெதுவடையும் காபியுமாக இன்னும் ஓர் அரைமணி நேரம் கூடியிருந்தே பிரிகின்றன. பூங்கா வாசலில் அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் விற்பவரிடம் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, நேரே நெய்ப் பொங்கலுக்கு நடையைக் கட்டுகிறவர்களும் உண்டு. பாவத்துக்கு முந்தியே பிராயச்சித்தத்தை முடித்துக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியம் நம்மவர்களுக்கே உரியது. அந்தச் சிநேகத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பேச்சுக்காகத்தான் பலர் படுக்கையை விட்டு எழுந்தே வருகிறார்கள். ஆனால் கணக்கு என்னவோ கசப்பானது. 65 கிலோ எடையுள்ள ஒருவர் மிதமான வேகத்தில் அரைமணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் சேர்ந்தால் அது ஈடாகிவிடும், பொங்கலைக் கணக்கில் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இதைக் கேட்டு, அப்படியானால் நடப்பதே வீண் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் வைத்தியர், லண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டுகிற டிரைவர்களையும், அதே பேருந்துகளில் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர்களையும் ஒப்பிட்டு, கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வருகிறது என்று காட்டினார். உடலசைவுக்கும் இருதயத்துக்கும் உள்ள சம்பந்தத்தை உலகம் ஆராய்ச்சி ரீதியாக ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான். நடையின் பலன் இருதயத்துக்கும் இரத்தத்திலுள்ள சர்க்கரைக்கும் நித்திரைக்கும் உரியது. எடை குறைவது அதில் ஒரு சிறு பகுதியே. நம் அரசாங்கமும் 2023 நவம்பரில், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்து, ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து அதே ஆண்டில் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்பதை எண்ணும்போது, இந்தத் திட்டம் சற்றுத் தாமதமாகவே வந்தது என்றுகூடச் சொல்லலாம். நான் ஆட்சேபிப்பது நடைக்குப் பிறகு உண்பதை அன்று. நடந்ததற்குக் கூலியாக உண்பதைத்தான்.

பயிற்சி செய்கிறவர் எல்லோருக்கும் தனியாகச் சிற்றுண்டி வேண்டும் என்ற எண்ணமே சமீப காலத்தில் வியாபாரிகளால் விதைக்கப்பட்டது. அரைமணி, முக்கால் மணி நேரம் நடக்கிறவருக்கு முன்னும் பின்னும் தண்ணீரைத் தவிர வேறெதுவும் அவசியம் இல்லை. வழக்கமான காலை ஆகாரமே போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர், சைக்கிள் மிதிக்கிறவர், வெயிலில் கால்பந்து ஆடுகிற பிள்ளைகள் ஆகியோர் விஷயம் வேறு. தசைகளில் சேமித்து வைக்கப்பட்டுள்ள மாவுச்சத்து அவர்களுக்குக் கரைந்துகொண்டே போவதால் இடையில் ஏதாவது இனிப்பானது வேண்டும். அதற்கு ஒரு வாழைப்பழத்தை விடச் சிறந்ததை எந்தத் தொழிற்சாலையும் இதுவரை செய்து தரவில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பெருமைக்குரிய பண்டம், நீண்ட தூரம் ஓடுகிறவனுடைய சட்டைப்பையில் இருக்க வேண்டியது. வெல்லமும் வேர்க்கடலையும் சேர்ந்து உடனடிச் சக்தியையும் நின்று பசி தாங்கும் சக்தியையும் அவனுக்குத் தரும். அதே கடலைமிட்டாயைத் தொலைக்காட்சி முன் அமர்ந்து அரைப் பாக்கெட் தின்கிறவருக்கு அது வெறும் மிட்டாய்தான்.

வேர்வையில் உப்பு போகிறது என்பது நாவினாலேயே அறியக்கூடிய உண்மை. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் சொற்பம். ஆகவே அதன் புகழுக்குப் பங்கம் விளைவிக்காமலே சொல்லலாம், வியர்த்து விறுவிறுத்து வந்தவருக்கு உப்பிட்ட நீர்மோர் அதைவிடப் பொருத்தமானது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இளநீரைத் தொடாமலிருப்பது நல்லது. பளு தூக்கிப் பயிற்சி செய்யும் இளைஞர்களுக்குப் புரதம் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் அது டப்பாவில் அடைத்த பொடியாகத்தான் வர வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. 60 கிலோ எடையுள்ள சாதாரண மனிதருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் இருக்கின்றன. நவராத்திரிக்கு வீடு வீடாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்த பதார்த்தத்தை மறந்துவிட்டு, வாயில் பெயர் நுழையாத பொடிக்கு மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நடைக் கோஷ்டிகளுக்கு நான் கூறக்கூடிய யோசனை ஒன்றே: ஹோட்டலுக்குப் போகும் முறையை மாற்றி, முறை வைத்துக்கொண்டு நாளைக்கு ஒருவர் வீட்டிலிருந்து சுண்டலோ முளைகட்டிய பயறோ கொண்டுவரட்டும். பேச்சும் குறையாது.

இனி மாலைப் பொழுதுக்கு வருவோம்.

மது அருந்தாமலிருப்பதே சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், உடல்நலத்துக்குத் தீங்கற்ற மது அளவு என்று ஒன்று இல்லை என்று பகிரங்கமாகவே கூறிவிட்டது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச ஸ்தாபனம் 1988-லேயே மதுபானங்களைப் புற்றுநோய்க்குக் காரணமானவை என்ற முதல் தொகுதியில் சேர்த்துவிட்டது. ஆனால் குடிக்காதவர்களைப் பார்த்துக் குடிக்காதீர்கள் என்றும், குடிக்கிறவர்களைப் பார்த்துக் கெட்டுப்போனீர்கள் என்றும் சொல்வதோடு நம் கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணுவது சுலபமே தவிர, அதனால் ஒரு விபத்தும் தடுக்கப்பட்டதில்லை. பதவி உயர்வு, பணி ஓய்வு, கிரிக்கெட் வெற்றி, கல்யாணத்துக்கு முந்திய இரவு என்று ஏதாவது ஒரு வியாஜத்தில் பார்ட்டிகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் கலந்துகொள்பவர்கள் உயிரோடும் மானத்தோடும் வீடு திரும்ப வேண்டும் என்பது லௌகிகமான ஆசைதான்; எனினும் நியாயமான ஆசை.

முதலில் அளவைப் பற்றிய அறியாமையைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் விற்கும் பிராந்தி, விஸ்கி முதலானவற்றில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயம். 30 மில்லிலிட்டர் கொண்ட ஒரு சிறிய பெக்கில் சுமார் 10 கிராமும், 60 மில்லிலிட்டர் கொண்ட பெரிய பெக்கில் சுமார் 20 கிராமும் சுத்த மது இருக்கிறது. பீர் குடிக்கிறவர்கள் தாங்கள் ஏதோ விரதத்துக்கு அடுத்த நிலையில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். 650 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்றில், சாதாரண 5 சதவீத பீரானாலும் 25 கிராம் மது உண்டு. 8 சதவீத ஸ்ட்ராங் பீரானால் அது 40 கிராம், அதாவது இரண்டு பெரிய பெக்குக்குச் சமம். கல்லீரலோ மணிக்கு ஒரு சிறிய பெக் அளவுக்குமேல் அப்புறப்படுத்த இயலாதது. காபி, எலுமிச்சைச் சாறு, மோர், தலையில் ஊற்றும் குளிர்ந்த நீர் ஆகிய எதுவும் அதைத் துரிதப்படுத்துவதில்லை. தள்ளாடுகிறவனுக்குக் காபி கொடுத்தால் விழித்துக்கொண்டே தள்ளாடுகிறவன் ஒருவன் கிடைப்பான், அவ்வளவுதான். மறுநாள் காலை வியர்க்க வியர்க்க ஓடி உள்ளே போனதை வெளியேற்றிவிடலாம் என்று நம்புகிற பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். வேர்வை, மூச்சு, சிறுநீர் மூன்றும் சேர்ந்து வெளியேற்றுவது நூற்றில் பத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் கல்லீரலின் பாடு. இரவு 11 மணிக்கு மூன்றாவது பெரிய பெக்கை முடித்தவர் காலை 5 மணிக்கு ஓடக் கிளம்பும்போது இரத்தத்தில் இன்னும் மது ஓடிக்கொண்டிருக்கலாம். ஏற்கெனவே சிறுநீராய் நீரிழந்த உடம்பு மேலும் நீரிழக்கிறது. அன்றைக்கு ஓடாமல் தூங்குவதே தேகப்பயிற்சி.

இந்த இடத்தில் ஓர் அபாயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் காலைப் பயிற்சியும் மாலைக் குடியும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இதுவே, இதைப் பற்றி நம்மவர்களில் மிகச் சிலரே அறிந்திருக்கிறார்கள். நீரிழிவுக்காக இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர், மாலையில் ஒரு மணி நேரம் பாட்மின்டன் ஆடிவிட்டு, ஒன்றும் உண்ணாமல் நேரே பார்ட்டிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்த பிறகும் பல மணி நேரத்துக்கு அவருடைய தசைகள் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். மாத்திரையும் அதன் பங்குக்குச் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டிருக்கும். சாதாரண நாளில் கல்லீரல் புதிதாகச் சர்க்கரையைத் தயாரித்து அந்தக் குறையை ஈடுசெய்யும். ஆனால் மது வந்து சேர்ந்ததும், ‘அவசரம்’ என்று முத்திரையிட்ட ஒரு கோப்பு மேஜைக்கு வந்தவுடன் மற்றக் கோப்புகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிடும் குமாஸ்தாவைப் போல, கல்லீரல் அந்த வேலையை நிறுத்திவிட்டு மதுவை எரிப்பதில் முனைந்துவிடுகிறது. சர்க்கரை சரிகிறது. கை நடுங்குகிறது, வேர்க்கிறது, பேச்சு குழறுகிறது, கால் பின்னுகிறது, கடைசியில் மயக்கம் வருகிறது. இவை அத்தனையும் குடிபோதையின் லட்சணங்களாகவே தோன்றுவதுதான் கொடுமை. “அவருக்கு ஏறிடுச்சு, விடுங்க, தூங்கட்டும்” என்று சிரித்துக்கொண்டே சோபாவில் கிடத்துகிறார்கள். சிரித்தவர்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீரோ பழச்சாறோ கொடுத்திருந்தால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பார். நினைவு தப்பிய பிறகு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்குத் தகவல் சொல்ல வேண்டும். தமக்கு நீரிழிவு இருப்பதை விருந்தளிப்பவரிடமோ கூட வந்தவரிடமோ முன்பே சொல்லி வைப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வெறும் வயிற்றில் குடிப்பது நீரிழிவு இல்லாதவர்களுக்கும் தீங்குதான். இரைப்பையில் ஆகாரம் இருந்தால் மது சிறுகுடலுக்கு மெதுவாகவே இறங்கும். அதை மளமளவென்று இரத்தத்தில் சேர்ப்பது சிறுகுடலே. இவ்வளவு எளிய உண்மையை நம் பார்ட்டிகள் தலைகீழாக அனுஷ்டிக்கின்றன. 7.30-க்கு வரச்சொல்லி, 8 மணிக்கு பாட்டிலைத் திறந்து, தொட்டுக்கொள்ள மிக்சரும் காரக்கடலையும் சிப்ஸும் ஊறுகாயும் வைத்து, பிரியாணியை 10.30-க்கு மேல் கொண்டுவருகிறார்கள்; அதற்குள் பாதிப் பேருக்குப் பசி போய்விட்டிருக்கும், மீதிப் பேருக்குத் தட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. சைடிஷ் என்று நாம் பெயர் சூட்டியிருக்கும் அந்த உப்பும் காரமும் தாகத்தைக் கிளப்புகின்றன. கையருகில் தண்ணீர் இல்லை, கிளாஸ்தான் இருக்கிறது. சில்லி சிக்கனும் வயிற்றில் தடுப்பாக நிற்கும் என்பது மெய்தான். ஆனால் கிராமுக்கு 7 கலோரி தரும் மதுவோடு கிராமுக்கு 9 கலோரி தரும் எண்ணெயையும் சேர்த்து அனுப்பினால், காலையில் நடந்ததைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை. முதல் கிளாஸுக்கு அரைமணி நேரம் முன்னதாகவே, வேகவைத்த வேர்க்கடலை, தேங்காய் மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல், முட்டை, சுட்ட மீன், வெள்ளரித் துண்டு என்று ஏதாவது வயிற்றுக்குப் போகட்டும். ஒவ்வொருவர் கைக்கும் எட்டுகிற தூரத்தில் தண்ணீர் இருக்கட்டும். பாட்டிலை அப்படியே சாய்ப்பதற்குப் பதிலாக அளவுக் கிண்ணத்தில் ஊற்றட்டும். வீட்டில் தாராளமாக ஊற்றப்படும் ‘ஒரு பெக்’ பல சமயங்களில் ஒன்றரை பெக்காக இருக்கிறது.

தாராளம் என்றதும் நம் பண்பாட்டில் ஆழமாக வேரூன்றிய ஒரு வழக்கம் நினைவுக்கு வருகிறது. பந்தியில் உட்கார்ந்தவர் இரண்டு கைகளாலும் இலையை மறைத்துக்கொண்டு போதும் போதும் என்பதும், பரிமாறுகிறவர் விரல் இடுக்கு வழியாகவாவது இன்னும் ஒரு கரண்டி பாயசத்தை விட்டுவிட்டே நகர்வதும் நம் உபசாரத்தின் இலக்கணம்; போதும் என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறவனைக் கஞ்சன் என்று ஊர் பேசும். பாயசத்தோடு நின்றவரையில் அதனால் பெரிய தீங்கில்லை. அந்த இலக்கணத்தை மாற்றாமல் கொண்டுவந்து கிளாஸுக்குப் பிரயோகிக்கும்போதுதான் விபரீதம் விளைகிறது. “எனக்காக ஒண்ணே ஒண்ணு அண்ணே” என்ற அன்புக் கட்டளைக்கு மறுமொழி சொல்ல நம் பாஷையில் இன்னும் ஒரு நாகரிகமான வாக்கியம் அமையவில்லை. வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்கிறோம். மாத்திரை சாப்பிடுகிறேன், சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன் என்று ஏதாவது ஒரு சாக்கை அவர் சமர்ப்பித்தால்தான் விடுகிறோம். பெருமுயற்சியோடு குடியை விட்டவர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. குடிக்காதவருக்கு வைத்திருக்கும் பானமும் சர்க்கரை கரைத்த கலர் சோடா ஒன்றுதான். நன்னாரி சர்பத், பானகம், மசாலா மோர் என்று அவருக்கும் கௌரவமாக ஏதாவது வைத்தால் அவர் ஓரமாக நிற்க வேண்டியிராது, மற்றவர்களும் நடுநடுவே அதை எடுத்துக்கொள்வார்கள்.

குடியில் நிதானம் என்ற சம்பிரதாயம் நம்மிடையே வளராமற்போனதற்குச் சரித்திரக் காரணமும் உண்டு. ஔவையார் அதியமானோடு கள்ளைப் பகிர்ந்துண்டதைப் பாடியிருக்கிறார். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். பிற்காலச் சமூகம் வள்ளுவர் பக்கமே நின்றது, நியாயமாகவே. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார்; அதனால் நேர்ந்த வருமான இழப்பை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியைப் புகுத்தினார்; 1948-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971-இல் தளர்ந்து, மீண்டும் இறுகி, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் தோன்றிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, இன்று அரசாங்கத்துக்கு ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டித் தருகிறது. ஒரு தலைமுறைக்கு மேலாக ஒளிந்து குடிக்கப் பழகிய ஜனங்கள், யாராவது பார்ப்பதற்குள் மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும் அவசரத்தைக் கடை திறந்த பிறகும் கைவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கவுன்டரில் வாங்கிய குவார்ட்டரை நின்றபடியே முடிக்கிற தொழிலாளியிடமும், குளிரூட்டிய ஹாலில் முதல் பெக்கை ஒரே மூச்சில் இறக்குகிற அதிகாரியிடமும் அந்த அவசரம் ஒன்றாகவே இருக்கிறது. மதுவிலக்கு நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் இப்போது நுழையவில்லை; 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகும் அந்த வாதம் முடியவில்லை, இந்தக் கட்டுரையினாலா முடியப்போகிறது?

வீடு திரும்புவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதச் சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இரண்டு பெரிய பெக் குடித்த சராசரி மனிதர் அந்த எல்லையைத் தாராளமாகவே தாண்டியிருப்பார். உடம்பில் நீர்ப்பங்கு குறைவாதலால் பெண்கள் அதற்கும் குறைந்த அளவிலேயே தாண்டிவிடுவார்கள். போலீஸ்காரர் நிற்காத தெருவாகப் பார்த்துச் சுற்றிப் போகும் சாமர்த்தியத்தை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கிறோம். எதிரே தள்ளுவண்டி வந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. வீட்டுக்காரர் விருந்தாளியின் சாவியை வாங்கி வைத்துக்கொள்வதை அவமரியாதை என்று நினைப்பவர்கள், அதே விருந்தாளியின் மனைவிக்கு நள்ளிரவில் டெலிபோன் செய்ய நேர்ந்தால் எந்த மரியாதையோடு பேசப் போகிறார்கள்?

காரியாலயங்களும் சங்கங்களும் தங்கள் செலவில் நடத்தும் பார்ட்டிகளில் இதையெல்லாம் நடைமுறைக்குக் கொண்டுவருவது இன்னும் எளிது. ஏனெனில் அங்கே பணம் கொடுப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் ஒருவர், உத்தரவிடும் அதிகாரமும் உண்டு. ஹாலுக்கும் பாட்டிலுக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை வாடகைக் கார்களுக்கு ஒதுக்கலாம். மது பரிமாறுவதை இத்தனை மணிக்கு நிறுத்துவது என்று முன்பே ஹோட்டல்காரரிடம் சொல்லிவிடலாம். சுண்டலும் மோரும் 7.30-க்கே மேஜையில் இருக்க வேண்டும் என்றும், சாப்பாடு 8.30-க்குத் தொடங்க வேண்டும் என்றும், தொடங்கிய பிறகு பார் மேஜையை மூடிவிட வேண்டும் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். டிசம்பர் மாதத்து விருந்துகளுக்கு ஹால்களை முன்பதிவு செய்யும்போதே இதைச் செய்துவிடலாம். எழுதிக் கேட்டால் ஹோட்டல்காரர்கள் மறுக்கமாட்டார்கள்.